‘இது வாயுதான்’: வாவிக்கரையில் இதயம் கேட்கும் நேரம்

நடுச்சாமத்தில் நெஞ்சு இறுக்குகிறது, உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது. வீட்டில் முதலில் எழும் சொல் ‘வாயு’. ஓமத்தண்ணீர் ஒரு மிடறு, இஞ்சி போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை, நெஞ்சில் கொஞ்சம் தைலம். ‘விடியட்டும், பாப்பம்’ என்று ஒருவர் ஆறுதல் சொல்வார். மட்டக்களப்பில் இந்தக் காட்சியைக் காணாத குடும்பம் குறைவு. பல தடவை அது உண்மையிலேயே வாயுவாகத்தான் இருந்திருக்கிறது. அதனால்தான் அடுத்த தடவையும் அப்படியே நினைக்கிறோம்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகளின் சுவரில் கொழுப்பு பல வருடங்களாகப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, வழி அடைபடுகிறது. அதுதான் மாரடைப்பு. அடைபட்ட சிறிது நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் சில மணித்தியாலங்களில்தான் நன்றாக வேலை செய்யும். 12 மணித்தியாலங்கள் கடந்துவிட்டால் பெரும்பாலும் அதனால் பயனில்லை. செத்த தசை திரும்ப முளைப்பதுமில்லை.

எங்கள் நிலத்தின் அமைப்பையும் இதோடு சேர்த்து யோசிக்கவேண்டும். வாவி மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரித்துக் கிடக்கிறது. போதனா வைத்தியசாலையும் களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர் ஆதார வைத்தியசாலைகளும் கிழக்குப் பக்கத்தில் இருக்கின்றன. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்களுக்குப் பெரிய விடிவு கிடைத்தது. ஆனால் மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கும், அம்பிளாந்துறையிலிருந்து குருக்கள்மடத்துக்கும் வருபவர்களுக்கு நேர்வழி இன்னும் ஓடத்துறைதான். இரவில் துறை ஓய்ந்த பிறகு மண்டூரில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், வெல்லாவெளி, போரதீவு என்று சுற்றிப் பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரவேண்டும். ‘விடியட்டும்’ என்று காத்திருந்த நேரமும் இந்தச் சுற்றுவழியோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே இந்தப் பகுதியில் இதயத்தைக் காப்பாற்றும் வேலை, வலி வரும் இரவுக்குப் பல வருடங்கள் முன்பே தொடங்கியாக வேண்டும். அது முதியவர்களுக்கான கதை என்று நினைப்பதும் தவறு. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வில் இலங்கையரும் இருந்தார்கள். தென்னாசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்திருந்தது. மற்ற நாட்டவர்களுக்கு 59 வயதளவில். 53 வயது என்றால் மகளுக்கு இன்னும் கல்யாணம் முடியாத, மகன் இன்னும் உழைக்கத் தொடங்காத வயது. அதே ஆய்வு, மாரடைப்பு ஆபத்தின் பெரும்பகுதிக்கு ஒன்பது காரணங்கள்தான் பொறுப்பு என்றது. புகைத்தல், கெட்ட கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம், மரக்கறியும் பழமும் போதாமை, உடலுழைப்பு இல்லாமை, மதுப் பழக்கம். இவற்றில் மாற்றவோ மருந்தால் அடக்கவோ முடியாதது ஒன்றுகூட இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது உடலுழைப்பு. எங்கள் தாத்தாமார் குவித்துச் சாப்பிட்ட சோற்றை வயல் எரித்தது, தண்டு வலித்த தோணி எரித்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது, தோணியில் மோட்டர் ஓடுகிறது, கடைத்தெருவுக்கு மோட்டார்சைக்கிளில் போகிறோம். ஆனால் சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் தாத்தா காலத்திலேயே நிற்கிறது. 1953இல் ஜெரமி மொறிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் லண்டன் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். நாள் முழுக்க இருந்தபடி ஓட்டிய சாரதிகளைவிட, மேலும் கீழும் படியேறிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தபோதும் கடுமை குறைவு. ஒரே பஸ், ஒரே நகரம், வித்தியாசம் படிக்கட்டு மட்டும்தான்.

கிழமைக்கு 150 நிமிடம் வேகமான நடை போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமையில் ஐந்து நாள், அரை மணித்தியாலம். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில் காலையில் நடப்பவர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கும். பெண்களை அங்கே குறைவாகவே காண்கிறேன். அந்த நேரத்தில் அவர்கள் குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருப்பார்கள். ‘வீட்டு வேலையே போதும்’ என்று சொல்லித் தப்பிக்காமல், ஆண்கள் அந்த அரை மணித்தியாலத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம்.

சாப்பாட்டில் எங்களுக்கு வெளிநாட்டு ஓட்ஸ் தேவையில்லை. தவிடு நீக்காத சிவப்பரிசி, முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, சூடை மீன் எல்லாம் கையெட்டும் தூரத்தில் உள்ளன. சோற்றைக் கால்பங்கு குறைத்து அந்த இடத்தில் இன்னொரு மரக்கறியை வைத்தால் பாதி வேலை முடிந்தது. மீனைப் பொரிக்காமல் கறியாக்குவது நல்லது, அதுவும் முதற்பாலைக் குறைத்து. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. சம்பலை விடச் சொல்லவில்லை. ஆனால் ஒரே நாளில் சம்பல், சொதி, பால்கறி, பொரியல் நான்குமா?

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும். கருவாடு, ஊறுகாய், சோற்றுக்குப் போடும் உப்பு, கடை ரோல்ஸ் என்று கூட்டினால் அது மதியத்துக்குள்ளேயே தாண்டிவிடும். கருவாட்டை ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவிச் சமைத்தால் கணிசமான உப்புக் குறையும். சீனிக் கணக்கு இன்னும் சுலபம். நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி என்றால் எட்டுத் தேக்கரண்டி, ஏறத்தாழ 32 கிராம். 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். எருமைத் தயிருக்கு ஊற்றும் பாணி இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை.

பீடி, சிகரெட்டை விட்டவர்களில் பலர் வாய்க்குள் புகையிலையை வைத்திருக்கிறார்கள். வெற்றிலையோடு போடுவது புகை இல்லை, ஆகவே இதயத்துக்குப் பாதகமில்லை என்ற நம்பிக்கை ஊரில் உண்டு. மெல்லும் புகையிலையும் மாரடைப்பு ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதை இன்டர்ஹார்ட் தரவுகள் காட்டின. போரும் 2004 சுனாமியும் நுண்கடனும் தந்த மன அழுத்தத்துக்கு இவ்வளவு இலகுவான பரிகாரம் இல்லை. ஆனால் நித்திரை இல்லாத இரவுகளைப் பற்றி வைத்தியரிடம் சொல்வது வெட்கப்படவேண்டிய விடயமல்ல. அதுவும் இதயத்தைப் பற்றிய தகவல்தான்.

இரத்த அழுத்தம் வலிக்காது. 140க்கு 90ஐத் தாண்டி வருடக்கணக்கில் இருந்தாலும் உடம்பு சொல்லாது. ‘இப்ப சுகமாத்தானே இருக்கு’ என்று பிரஷர் குளிசையை நிறுத்துபவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். அந்தச் சுகத்தைத் தந்ததே குளிசைதான். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்காதவர்கள் இருந்தால், கிளினிக் கொப்பியைத் தேடி எடுக்கவேண்டிய நேரம் இது. 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் தொடங்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் இருக்கின்றன. இரத்த அழுத்தம், சீனி, நிறை ஆகியவற்றை இலவசமாகப் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு அளவுநாடாவும் போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80ஐயும் தாண்டினால், மெலிந்த கைகாலைப் பார்த்து ஆறுதலடையக்கூடாது.

இவ்வளவும் செய்தும் வலி வரலாம். நெஞ்சின் நடுவே பாரம் வைத்தாற்போல் இறுக்கம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் ஓங்காளமுமாக வரக்கூடும். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அது வாயுவா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லவேண்டியது ஈ.சி.ஜி., பக்கத்து வீட்டு மாமா அல்ல.

நோயாளியை மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகவேண்டாம், நடக்கவும் விடவேண்டாம். 1990க்கு அழைக்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த இலவச அம்புலன்ஸ் சேவை இப்போது நாடு முழுக்க ஓடுகிறது. அஸ்பிரின் மென்று விழுங்குவதா என்பதையும் அழைப்பில் பேசுபவரிடமே கேட்கவேண்டும். ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ உள்ளவருக்கு அது ஆகாது. வலி தொடங்கிய நேரம், நோயாளி வழமையாகப் போடும் குளிசைகள், ஊரின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். படுவான்கரை என்றால் எந்தப் பாலத்தால் வரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் ரோர்ச்சோடு சந்தியில் போய் நிற்கட்டும்.