சங்கடப்படலையும் தெருமூடி மடமும்

சங்கடப்படலை என்றால் யாதென எம் வயதொத்த இளைஞர் பதின்மரைக் கேட்டுப் பார்த்தோம். மூவரே விடை தெரிந்தவர். எஞ்சியோருள் ஒருவர், சங்கடமான விருந்தினர் வரும்போது அடைக்கும் படலை போலும் என்று சொல்லிச் சிரித்தார். அவரை நோவதற்கில்லை. அவர் பிறந்து வளர்ந்த வீட்டிற்கு இரும்புக் கேற்றும் ஆளுயர மதிலுமே உண்டு.

பழைய யாழ்ப்பாணத்து வளவின் வாயிலிலே, படலைக்கு மேலாகக் கிடுகினால் வேய்ந்த ஒரு சிறு கூரை இருக்கும். வசதியுள்ளோர் ஓடு போடுவர். கூரையின் கீழ் இருபுறமும் திண்ணை. தெருவாற் செல்வோர் வீட்டுக்காரரிடங் கேளாமலே அங்கே மழைக்கு ஒதுங்கலாம். வெயிலுக்குச் சற்றே இருந்து போகலாம். சில வீடுகளில் தண்ணீர்ப் பானையும் வைப்பர். தமது நிலத்திலே தமது செலவிலே, முகந்தெரியாத ஒருவருக்காகக் கட்டிவைத்த கட்டடம் அது. வழிப்போக்கரின் சங்கடந் தீர்ப்பதனால் அப்பெயர் வந்ததென்பர். கட்டடக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோபுரத்திலிருந்தோ கோட்டையிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நாம் இப்படலையிலிருந்து தொடங்குகின்றோம்.

படலையைக் கடந்து உள்ளே சென்றால், சற்று வசதியுள்ள குடும்பமாயின், நாற்சார் வீடு. நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம். தாழ்வாரத்தின் பின்னே அறைகள். பனஞ்சிலாகை பரப்பி ஓடு வேய்ந்த கூரை முற்றத்தை நோக்கித் தாழ்ந்திறங்கும். இந்த அமைப்பு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதென எண்ணற்க. பகலிலே முற்றத்துத் தரை சூடேற, அங்குள்ள காற்று வெப்பமுற்று மேலெழுந்து போகும். அது விட்ட இடத்தை நிரப்ப, அறைகளினூடாகப் புதுக்காற்று வந்துகொண்டேயிருக்கும். தாழ்ந்த கூரை சுவரிலே வெயில் படாமற் காக்கும். சுண்ணாம்புச் சாந்திட்ட தடித்த கற்சுவரோ பகற்சூட்டை விரைவில் உள்ளே விடாது. இரவானதும் முற்றம் தன் சூட்டை வானத்திற்கே திருப்பிக் கொடுத்துக் குளிர்ந்துவிடும். சோளகம் வீசும் மாதங்களிலும் வாடை வீசும் மாதங்களிலும் எந்தக் கதவைத் திறப்பது, எதைச் சாத்துவது என்பது வீட்டிலுள்ள சிறுபிள்ளைக்குந் தெரியும்.

நடுமுற்றம் எமக்கே உரிய கண்டுபிடிப்பென்று பெருமை பேசுதல் பொருந்தாது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மொகஞ்சதாரோ வீடுகளில் முற்றமும் கிணறும் மூடிய வடிகாலும் இருந்தன. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, நண்பகலிலே கோலின் நிழலைக் கொண்டு திசை கண்டு, நூல் பிடித்து அரண்மனை வகுத்த வல்லாரைப் பற்றிக் கூறுகின்றது. ஞாயிற்றின் போக்கறிந்தே வீடு கட்டவேண்டும் என்ற அறிவு தமிழருக்குப் பழையது. இத்தீவிலேயே மிகிந்தலை மலையடிவாரத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் வைத்தியசாலையின் இடிபாடு உண்டு. நடுவே திறந்த முற்றம், சுற்றிலும் நோயாளர் தங்கிய சிற்றறைகள். நோயாளரைக் கிடத்தி மருந்தெண்ணெயில் ஊறவைப்பதற்கு மனித உருவாகவே குடைந்த கற்றொட்டியும் அங்கிருக்கின்றது. நோயாளிக்கும் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென்பதை அக்காலத்துத் துறவிகளும் வைத்தியரும் உணர்ந்திருந்தனர் போலும். நாற்சாருக்கும் அவ்வைத்தியசாலைக்கும் நேரே வழிவழித் தொடர்பு உண்டென்று நாம் சாதிக்கவில்லை. வெயில் ஒன்றே, அதற்குக் கண்ட விடையும் ஒத்திருக்கின்றது.

முற்றத்திலேதான் நெல் காயும், ஒடியல் காயும், பிள்ளைகள் விளையாடுவர். கலியாணமும் அங்கே, செத்தவீடும் அங்கே. பெண்கள் வெளியார் கண்ணிற் படாமல் வானத்தைக் காண்பதற்கு அது ஒன்றே இடமாயிருந்தது. அவர்களுக்கு அது வெளியாகவும் இருந்தது, சிறையாகவும் இருந்தது என்பதை ஒளிப்பதற்கில்லை.

ஆறில்லாத நாட்டிலே வீடு கட்டுவோர் நீரை மறக்க இயலாது. எமது குடாநாட்டிற்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரையிலேயே கிடைக்கும். அது சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே இறங்கித் தங்கி, எஞ்சிய மாதங்களில் கிணற்றிலே ஊறும். ஆதலாற் கிணற்றடி வீட்டைப் போலவே கவனத்தோடு அமைக்கப்பட்டது. குளித்த நீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போகும். வளவைச் சுற்றிய வேலிகூட உயிருள்ள வேலி. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் கதியாலாக நட்டு, இடையே ஓலையோ கிடுகோ வைத்து அடைத்தது. பூவரசங் குழை வயலுக்கும் தோட்டத்துக்கும் பசளை; உக்கிய வேலியோலையும் மண்ணுக்கே போகும். ஆண்டுதோறும் வேலி அடைத்தலென்பது குப்பையை எருவாக்கும் ஏற்பாடுமாகும். மதில் கட்டிய நாங்கள் இப்பொழுது பசளையை விலை கொடுத்து வாங்குகின்றோம்.

இனித் தெருவுக்கு வருவோம். எமது நாட்டுப்புறக் கட்டடக்கலையின் சிறப்பெல்லாம் வீட்டினுள்ளே அன்று, தெருவிலேயே கிடக்கின்றதென்பது எமது துணிபு.

பருத்தித்துறையிலே தும்பளை செல்லும் வீதியில் தெருமூடி மடம் என்றொன்று உண்டு. பெயரே அதன் வடிவத்தைச் சொல்லிவிடும். கற்றூண்களின் மேல் அமைந்த கூரை தெருவையே மூடி நிற்கின்றது. வீதி நடுவாற் போக, இருமருங்கிலும் உயர்ந்த திண்ணைகள். மடத்திற்குப் போவதென்றால் வழியை விட்டு விலகிப் போகவேண்டியதில்லை. வழியே மடத்தினூடாகப் போகின்றது. சென்ற ஆண்டு சித்திரை வெயிலில் நாம் நண்பருடன் சைக்கிளிற் சென்று அத்திண்ணையில் இருந்தோம். ஐந்து நிமிடம் இருப்பதென்று எண்ணி ஒரு மணிநேரம் இருந்துவிட்டோம். கல் குளிர்ந்திருந்தது.

மடங்களை அண்டிக் கேணியும், கேணியை அண்டி ஆவுரஞ்சிக்கல்லும், வழியிலே சுமைதாங்கியும் அமைத்தல் எம்மூர் வழக்கம். கேணிக்கு மனிதர் இறங்கப் படிக்கட்டு; சிலவற்றில் மாடு இறங்கி நீரருந்தச் சரிவான பாதையும் தனியே உண்டு. நீரருந்திய மாடு தன் முதுகுத் தினவைத் தீர்த்துக்கொள்ள நட்ட கல்லே ஆவுரஞ்சிக்கல். மாட்டின் உயரத்தை அளந்து, அதன் சுகத்திற்காக ஒரு தூண் நாட்டிய சமுதாயம் எமதென்பதை நினைக்குந்தோறும் உவகை உண்டாகின்றது. ஒரு பசு உரஞ்சி உரஞ்சி மழமழப்பான கல்லைத் தடவிப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும்.

சுமைதாங்கியின் கதை துயரமானது. இரண்டு நிறுத்திய கல்லின் மேல் ஒரு கிடைக்கல், உயரம் தோளளவு. தலைச்சுமையுடன் தனியே வருபவர் பிறர் கைகொடுக்காமலே சுமையை அதன்மேற் சாய்த்துவிட்டு இளைப்பாறலாம். மீண்டும் தானே தலைக்கேற்றிக்கொள்ளலாம். அவ்வுயரத்திலேதான் அதன் நுட்பமெல்லாம் இருக்கின்றது. தாழ்ந்தால் ஏற்ற இயலாது. உயர்ந்தால் இறக்க இயலாது. கருவுற்றிருந்த காலத்தில், பிள்ளையைப் பெறாமலே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவர். அவள் இறக்கி வைக்காத சுமையைப் பிறர் இறக்கி வைக்கட்டும் என்பது கருத்து. அப்பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் எமக்குத் தெரியா. கல் நிற்கின்றது.

இவ்விடத்தில் நிறுத்தியிருந்தால் கட்டுரை இனிதாக முடிந்திருக்கும். சங்கத்துப் பெரியோரும் மகிழ்ந்திருப்பர். ஆயினும் நாம் கற்பது வரலாறு. மேலே, சங்கடப்படலையில் தெருவாற் செல்வோர் ஒதுங்கலாம் என்று எழுதினோம். யார் யார் ஒதுங்கலாம் என்று எழுதவில்லை.

எமது பேரனாரின் தந்தையார் கட்டிய வளவிலும் ஒரு சங்கடப்படலை இருந்தது. அங்கே தண்ணீர்ப் பானையும் இருந்தது. சிலர் செம்பெடுத்துத் தாமே மொண்டு குடிப்பராம். வேறு சிலர் இரு கைகளையும் ஏந்தி நிற்க, வீட்டிலிருந்து ஒருவர் வந்து உயரத்திலிருந்து ஊற்றவேண்டுமாம். ஒருவரும் வராவிட்டால் நின்றுவிட்டுப் போவராம். இதனை எமது பேத்தியார் எமக்குச் சொன்னபோது அவர் குரல் சிறிதும் மாறவில்லை; மழை பெய்தது, வெயில் எறித்தது என்பது போலச் சொன்னார். அதுவே எம்மை வருத்தியது. கிணற்றடியிலும் அதே கதை. கோயில் வாயிலிலும் அதே கதை. ஒரே திண்ணை ஒருவருக்கு இளைப்பாறுமிடமாகவும் இன்னொருவருக்கு எல்லைக்கல்லாகவும் இருந்தது. காற்றுக்கு வழிவிட்டுக் கட்டத் தெரிந்த எம் முன்னோர், மனிதருக்கு வழிவிட மறுத்தனர்.

நாம் மிசன் பாடசாலையிற் கற்றவர். நீண்ட விறாந்தையும் உயர்ந்த கூரையும் பெரிய யன்னல்களும் உடைய வகுப்பறையில் வாங்கிலிருந்து கற்றோம். காற்றோட்டமான அவ்வறைகளைப் புகழ்ந்து நாம் முன்பொருமுறை கவிதையும் எழுதியதுண்டு. அத்தகைய வகுப்பறைகளிலும் சில பிள்ளைகள் வாங்கில் ஏற விடப்படாமல் நிலத்தில் இருந்த காலம் உண்டென்பதைப் பின்னரே அறிந்தோம். 1924இல் மாணவர் மகாநாடாகத் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் இயக்கம் தீண்டாமையை எதிர்த்தது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்ததும் அவ்வியக்கமே. 1930ஐ அண்டிய ஆண்டுகளில் பாடசாலைகளிற் சமாசனம் கொடுக்கப்பட்டபோது, அதனைப் பொறாதோர் பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீயிட்டனர். ஒரு வாங்கிற்காகப் பாடசாலை எரிந்த நாடு இது. 1957இல் சமுதாயக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்ளே செல்வதற்காக மனிதர் காத்து நிற்கவேண்டியிருந்தது. இந்து வாலிபர் வெளியிடும் மலரிலே இதனை எழுதாமல் விடுவது முறையன்று என எண்ணுகின்றோம்.

போர்க்காலத்தில் எத்தனை வீடுகள் அழிந்தன என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 2009இன் பின் ஊர் திரும்பியோர் பலர் கண்டது கிணறும் அத்திவாரமுமே. 2012இல் இந்திய அரசின் உதவியுடன் 50,000 வீட்டுத் திட்டத்தின் பெரும்பகுதி தொடங்கியபோது, ஒரு குடும்பத்திற்கு 550,000 ரூபா வீதம் பகுதி பகுதியாகக் கொடுத்து, வீட்டுக்காரரையே கட்டவிட்டனர். பணம் போதாமற் கடன்பட்டோர் பலர். எனினும் வாசல் எந்தத் திசை, அடுப்படி எந்தப் பக்கம் என்பதை அங்கே வாழப்போகும் குடும்பமே தீர்மானித்தது.

அதன்பின் வந்ததே பொருத்து வீடு. வடக்குக் கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளைப் பொருத்தித் தருவதாக, ஒன்றிற்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட செலவில், 2016ஆம் ஆண்டளவில் முன்வைக்கப்பட்ட திட்டத்திற்கு இங்கே பலத்த எதிர்ப்பு எழுந்தது. வெக்கை நாட்டிற்கு உருக்குச் சுவர் ஒவ்வாது, விறகடுப்புக்கு இடமில்லை, பிள்ளைக்குக் கலியாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட இயலாது, உள்ளூர் மேசனுக்கும் தச்சருக்கும் வேலையில்லை. அதைவிடக் குறைந்த பணத்திற் கல்வீடே கட்டலாமென்று கணக்கெடுத்துக் காட்டியோரும் உளர். திட்டம் முன்வைத்தபடி நிறைவேறவில்லை. எம்மவர் ஒரு வீட்டைப் பார்த்து இது எமக்கு வேண்டாம் என்று சொன்ன அந்நிகழ்ச்சியை, கட்டடக்கலை வரலாற்றில் எழுதிவைக்க வேண்டிய ஒன்றாகவே நாம் மதிக்கின்றோம்.

கேட்டுக் கட்டுவது இயலாத காரியமன்று. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண் எமது தீவின் மினற் டி சில்வா அம்மையார். அவர் 1958இல் கண்டி வட்டப்புலுவையில் அரச ஊழியருக்கு 200க்கு மேற்பட்ட வீடுகளை வகுக்க முன், வெவ்வேறு இனத்தையும் மதத்தையும் சேர்ந்த அக்குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எவ்வாறு சமைப்பீர், எவ்வாறு வாழ்வீர் என்று விசாரித்தார். மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், மரங்களைக் கூடியவரை விட்டு, சில மாதிரிகளைக் குடும்பத்திற்கேற்ப மாற்றிக் கட்டினார். கணினியும் இல்லாத காலம் அது. இன்று அவ்வாறு கேட்பதற்கு நேரமில்லை என்கின்றனர்.

எம்மிடமும் குறை உண்டு. காணி துண்டுபட்டுத் துண்டுபட்டு இரண்டு மூன்று பரப்பாகிவிட்ட பின், கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடைவெளி போதாமற் போயிற்று. சுண்ணக்கல் வெடிப்பு நல்ல நீரையும் கெட்ட நீரையும் பிரித்தறியாது. அயலவன் குழி எமது கிணற்றுக்கு வருகின்றது. முற்றம் முழுதும் சீமெந்து போட்டு மழைநீரைத் தெருவுக்குத் தள்ளுகின்றோம். பின்னர், கிணறு உவராகிவிட்டதென்று போத்தற் தண்ணீர் வாங்குகின்றோம்.

சென்ற ஆவணியில் சிரமதானத்திற்காக வன்னியில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் நாம் நான்கு நாள் தங்கினோம். வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தாற்போல இருந்தன. ஆயினும் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் முன்னும், திட்டத்தில் இல்லாத ஒரு கிடுகுக் கொட்டிலை வீட்டுக்காரர் தாமே போட்டு, மண்ணாற் குந்து வைத்து மெழுகியிருந்தனர். மத்தியானத்தில் கல்வீடு பூட்டிக் கிடக்க, வீட்டார் எல்லாரும் கொட்டிலிலேயே இருந்தனர். நாம் தங்கிய வீட்டு அம்மா, மண்பானையின் மேல் ஒரு செம்பைக் கவிழ்த்து, தெருவோரமாக வைத்திருந்தார். மீன் விற்க வந்தவர் சைக்கிளை வேலியிற் சாத்திவிட்டு வந்து, ஒருவரையுங் கேளாமல், தாமே மொண்டு குடித்துவிட்டு, குந்திலே எம் அருகில் அமர்ந்தார்.