தோம்புக் கோபுரம்

ஐரோப்பியத் தலைநகர் ஒன்றைப் பார்க்க உகந்த காலம் எது என்று கேட்டால் கோடை என்பார்கள். நான் லிஸ்பனுக்குப் போனதோ நவம்பர் மாதக் கடைசியில். பாரிஸிலுள்ள தமக்கையார் வீட்டில் தங்கியிருந்தபோது, விமானச்சீட்டு மலிவாகக் கிடைத்ததால் புறப்பட்ட பயணம் அது. உல்லாசப் பயணிகளின் நெரிசல் ஓய்ந்திருந்தது. மழையில் நனைந்த கல்பாவிய தெருக்களில், செஸ்நட் கொட்டைகளைச் சுட்டு விற்பவர்களின் அடுப்புப் புகை மட்டும் எழுந்துகொண்டிருந்தது.

அந்நகரின் பெருந்துயரும் ஒரு நவம்பரில்தான் நிகழ்ந்தது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். காலைப் பூசைக்குச் சனங்கள் தேவாலயங்களில் கூடியிருந்தவேளை பூமி அதிர்ந்தது. பின்னர் டேகஸ் ஆற்றின் வழியே கடல் பெருகி வந்தது. மெழுகுதிரிகளும் அடுப்புகளும் மூட்டிய தீ நாட்கணக்கில் எரிந்தது. ஆற்றங்கரை அரண்மனையோடு, சுமார் 70,000 நூல்கள் இருந்ததாகக் கூறப்படும் அரச நூலகமும் அழிந்தது.

மேட்டிலே கார்மோ ஆலயம் இன்றும் கூரையின்றி நிற்கிறது. அதன் வளைவுகளின் கீழே குடை பிடித்து நின்றபோது யாழ்ப்பாணப் பொதுநூலகம் என் நினைவுக்கு வந்தது. 1981இல் சுமார் 97,000 நூல்களோடு அது எரிக்கப்பட்டபோது நான் கைக்குழந்தை. வாசிக்கப் போகும் வயதில் நான் கண்டது சிதைந்த சுவர்களைத்தான்.

லிஸ்பனில் எல்லாமே அழிந்துவிடவில்லை. கோட்டையிலிருந்த அரச ஆவணக் காப்பகத்தின் கோபுரமும் அன்று இடிந்து விழுந்தது. அதன் காப்பாளர் மனுவல் த மாயா. எழுபத்தெட்டு வயது முதியவர். இராச்சியத்தின் தலைமைப் பொறியியலாளரும் அவரே. இடிபாடுகளுக்குள்ளிருந்து ஏடுகளை மீட்பித்துப் பலகைக் கொட்டில்களில் வைத்துக் காத்தார். டிசம்பர் 4ஆம் திகதி, நகரை மீள அமைப்பது பற்றிய தமது அறிக்கையின் முதற்பகுதியையும் சமர்ப்பித்தார். பைஷா பகுதியின் நேரான தெருக்கள் அந்தச் சிந்தனையிற் பிறந்தவை.

அவர் காத்த காப்பகம் 1990 முதல் பல்கலைக்கழகப் பகுதியில் ஒரு பெருங்கட்டிடத்தில் இயங்குகிறது. அதன் பெயர் 'தோரே தோ தோம்பு'. 'தோரே' என்றால் கோபுரம். 'தோம்பு' என்பதற்கு எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நம் காணிகளையும் வரிகளையும் பதிந்துவைத்த இடாப்புத்தான் தோம்பு. 1658இல் வந்த ஒல்லாந்தரும் அப்பெயரையே வைத்துக்கொண்டனர். அலுமாரி, சப்பாத்து, யன்னல் என்பன போல அதுவும் நம் பேச்சில் தங்கிவிட்டது. நம்மை அளந்து வரி கேட்டவர்களின் சொல் அது. பிற்காலத்தில் நம் காணி உரிமைக்குச் சாட்சி சொன்னதும் அதுவே.

அந்தக் கட்டிடத்தின் வாசலில் நின்றபோது அம்மாவை நினைத்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு இடம்பெயர்ந்தோம். நகைக்கு முன்னே காணி உறுதிகளைத் தேடி எடுத்தார் அம்மா. மழையில் நனையாதபடி பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். இவ்வளவு அந்தரத்துக்குள் இந்தக் கடதாசி எதற்கு என்று நான் சினந்தேன். அம்மா பதில் சொல்லவில்லை.

மாதங்கள் கழித்து நாங்கள் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. உறுதி இருந்தது.