குழிப்பந்தும் குன்றத்துப் புல்வெளியும்

ஆங்கிலேயர் 'கோல்ப்' எனக் கூறும் ஆட்டத்திற்குக் 'குழிப்பந்து' என்று தமிழில் பெயரிட்டோர் அறிந்தோ அறியாமலோ ஓர் உண்மையைத் தொட்டுவிட்டனர். கோல்ப் என்னும் பெயர் தடியைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல்லினின்று பிறந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. அங்கே தடி முதன்மை பெற்றது. தமிழில் குழி முதன்மை பெற்றது. ஆட்டத்தின் கணக்கு முடிவதும் குழியில்தான். ஆயினும் ஊதியம் கருதாது ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரர் பயிற்சிக்கென ஒதுக்கும் பொழுதெல்லாம் தடிக்கே செலவாகிறது. குழிக்கு எஞ்சுவது மிகச் சிறிது. இவ்விந்தையை ஆராய்வதற்குக் கேமரன் மலையைவிடப் பொருத்தமான இடம் மலேசியாவில் வேறு இல்லை எனலாம்.

பகாங் மாநிலத்தின் மேற்கெல்லையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் இருக்கும் இப்பீடபூமியை 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் கண்டு குறித்தார். அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அவ்விடத்தைப் பார்வையிட்டு, மலைவாழிடம் அமைக்க ஏற்றதென ஊக்கமளித்தார். 1929இல் ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு மலைச்சாலை 1931இல் முடிவுற்றது. சாலை வந்ததும் விடுதிகள் வந்தன, பள்ளிகள் வந்தன, காய்கறித் தோட்டங்கள் வந்தன. தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில், இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, கோல்ப் திடலும் வந்துவிட்டது. அத்திடலின் அருகே 1937இல் கட்டப்பெற்ற 'ஸ்மோக் ஹவுஸ்' என்னும் ஆங்கிலப் பாணி விடுதி இன்றும் நிற்கிறது.

வெப்ப நாட்டில் ஊழியம் பார்த்த வெள்ளையர், குளிர்ந்த மலைக்கு ஏறியபோதெல்லாம் இவ்வாட்டத்தையும் உடன் கொண்டு சென்றனர். 1829இல் கல்கத்தாவிலும், 1876இல் பெங்களூரிலும், 1891இல் சிங்கப்பூரிலும், 1893இல் சிலாங்கூரிலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. 1895இல் கோடைக்கானல் மலைக்கும் அது வந்தது. இலங்கையில் தேயிலை சூழ்ந்த நுவரெலியாவிலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் திடல் அமைந்துவிட்டது. ஆக, தேயிலையும் குழிப்பந்தும் ஒரே கப்பலில் வந்த உறவினர் போன்றவை. இரண்டிற்கும் புல் பூண்டை வெட்டி நிலத்தைத் திருத்தும் கைகள் வேண்டும். அக்கைகளில் பெரும்பாலானவை யாருடையவை என்பதைத் தமிழாசிரியர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆட்டத்தைக் காணாதவர்க்காகச் சிறிது விளக்கம் வேண்டும். பந்தைத் தொலைவிலிருந்து பல அடிகளில் கொண்டுவந்து, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டப்பட்ட புல்தரையில் சேர்ப்பது முதற்பகுதி. அத்தரைக்குக் 'கிரீன்' என்று பெயர். அங்கே தட்டை முகமுடைய 'பட்டர்' என்னும் தடியால் பந்தை உருட்டிக் குழியில் வீழ்த்துவது இரண்டாம் பகுதி; இதுவே 'பட்டிங்'. குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். ஸ்காட்லாந்தில் மசல்பரோ என்னுமிடத்தில் 1829 அளவில் செய்த குழிவெட்டும் கருவியின் அளவே இது என்பர். 1891இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் அதனை விதியாக்கியது. கேமரன் மலையில் முதன்முதல் ஆடியவர்கள் உருட்டிய பிரிட்டிஷ் பந்து 1.62 அங்குலம், இன்று உலகெங்கும் வழங்கும் பந்து 1.68 அங்குலம். குழி பந்தைப்போல் இரண்டரை மடங்கு அகலம் உடையதென்று மகிழ்வதற்கில்லை. விரைந்து வரும் பந்துக்குக் குழி சுருங்கிவிடும். நடுவில் பட்டால்தான் விழும், ஓரத்தில் பட்டால் சுற்றி வெளியேறும். மெல்ல வரும் பந்துக்கோ முன்வாயில், பக்கவாயில் எல்லாம் திறந்திருக்கும். ஆகவே திசையும் விசையும் வெவ்வேறல்ல. இதனை உணராது திசையை மட்டும் பார்த்து உருட்டுவதே அமெச்சூர் ஆட்டக்காரரின் முதற் பிழை.

பதினெட்டுக் குழிகளுக்கு 72 அடிகள் என வகுத்தவர்கள், குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகளைப் பட்டிங்குக்கே ஒதுக்கினர். கணக்கில் சரிபாதி! ஆயினும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திடலுக்கு வரும் அன்பர் முதலில் எடுப்பது பெருந்தடியைத்தான். கூடை கூடையாகப் பந்துகளைத் தொலைவுக்கு அடித்துத் தள்ளுவார். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பயிற்சிக் கிரீனுக்கு வந்து, ஒரே இடத்தில் நின்று, ஒரே குழியை நோக்கி ஏழெட்டுப் பந்துகளை உருட்டுவார். இரண்டு விழும்; மன நிறைவுடன் புறப்படுவார். நெடிய அடியைப் பிறர் நின்று வியப்பர். மூன்றடி உருட்டலை யார் வியப்பார்? தவறினால் நகைப்பதற்கு மட்டும் ஆள் உண்டு.

பட்டிங்கை ஒரு தனிக் கலையாக எண்ணிப் பழகியவர்களுள் பெண்கள் முன்னணியில் நின்றனர் என்பது வரலாற்றின் சுவையான செய்தி. தோளுக்கு மேல் தடியை ஓங்குவது மாதர்க்கு அழகன்று என்று கருதிய காலம் அது. செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867இல் மகளிர்க்கெனக் கழகம் தோன்றியபோது அவர்களுக்குக் கிடைத்தது உருட்டி ஆடும் மேடுபள்ளத் தரை ஒன்றே. அத்தரைக்கு 'இமயமலை' என்றே பெயர் வழங்கலாயிற்று. தடையாக விதித்தது பயிற்சியாக மாறியது. சமதரையில் ஒரே உருட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தவர் அல்லர் அம்மகளிர். ஒவ்வோர் உருட்டலிலும் ஒரு புதிய சரிவைச் சந்தித்தவர். இன்றும் அத்தரை அங்கே இருக்கிறது.

பின்னர் வந்த அமெச்சூர் வீரர்களில் வால்டர் டிராவிஸ் குறிப்பிடத்தக்கவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர், முப்பது வயது கடந்த பின்னரே தடியைத் தொட்டார். நெடுந்தொலைவு அடிக்க வல்லவர் அல்லர். எனினும் 1900, 1901, 1903ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அமெச்சூர் பட்டத்தையும் 1904இல் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தையும் வென்றார். 1904இல் அவர் கையிலிருந்தது 'ஷெனெக்டடி' என்னும் புதுவகைப் பட்டர். தோற்றவர்கள் கருவியை நோக்கினரேயன்றி அதனைப் பிடித்த கையை நோக்கவில்லை போலும். 1910இல் பிரிட்டனில் அவ்வகைத் தடி விலக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில்தான் அவ்விலக்கு நீங்கியது. நல்ல பட்டர் வாங்கினால் நல்ல பட்டிங் வந்துவிடும் என்னும் நம்பிக்கை அன்றும் இருந்தது. கடைக்காரர் புண்ணியத்தில் இன்றும் இருக்கிறது.

மலைத்திடலில் பட்டிங் பழகுவோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. சுற்றிலும் குன்றுகள் சாய்ந்து நிற்பதால் கண் மயங்கும். மேட்டுநிலம் போலத் தோன்றுவது பள்ளமாக இருக்கும். பழகியவர்கள் மலை எப்புறம், நீர் வடியும் ஓடை எப்புறம் என்பதை முதலில் பார்ப்பர். பந்து பெரும்பாலும் மலையை விட்டு விலகி நீர் செல்லும் வழியே சாயும். வெப்ப நாட்டுப் புல்லின் இலை ஒருபுறம் படுத்து வளரும் இயல்புடையது. இலை படுத்த திசையில் உருட்டினால் பந்து ஓடும். எதிர்த்து உருட்டினால் தயங்கும். பிற்பகல் மழை பெய்துவிட்டால் காலையில் கற்ற விசை பயன்படாது. சரிவில் உருட்டும் பந்து குழிக்கு மேற்புறம் தவறினால் 'தொழில்முறைப் பக்கம்' என்றும், கீழ்ப்புறம் தவறினால் 'அமெச்சூர் பக்கம்' என்றும் கோல்ப் ஆடுவோர் கூறுவர். சரிவு எவ்வளவு என்பதைப் புதியவர் எப்போதும் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்பது இக்கேலியின் பொருள். மேற்புறம் சென்ற பந்துக்கு மெல்ல இறங்கிக் குழியில் விழும் வாய்ப்பேனும் உண்டு. கீழே போனது போனதுதான்.

இவ்வறிவு யாரிடம் இருந்தது? தடிப்பையைச் சுமந்து உடன் நடந்த சிறுவரிடமும், விடியலில் புல்வெட்டிய தொழிலாளரிடமும் இருந்தது. சுமப்பவர்க்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். பிரெஞ்சு மொழியில் இளையவனைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது. தமிழில் அது வேறு பொருள் தருவது அச்சிறுவரின் குற்றமன்று. மலாயாவின் கழகங்களில் அப்பணி செய்தோரில் தமிழ்ச் சிறுவரும் பலர். துரை குனிந்து பார்த்துக் குழம்பும்போது, "வலப்பக்கம் இரண்டு குழி அகலம் விட்டு உருட்டுங்கள்" என்று சொல்லத் தெரிந்த பையன், கழகக் கட்டடத்தின் முன்வாயிலில் நுழைய முடியாதவனாக இருந்தான். தரையின் சரிவைக் கால்களால் அறிந்தவனுக்குத் தடி இல்லை. தடி வைத்திருந்தவருக்குத் தரை தெரியவில்லை.

இந்நிலை ஒரேயடியாக மாறவில்லை, எனினும் மாறியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலேசியத் தொழில்முறைக் கோல்பில் எம். இராமையா, வி. நெல்லன், பி. குணசேகரன் ஆகியோரின் பெயர்கள் விளங்கின. இந்தியாவில், கல்கத்தாக் கழகத்தில் புல்தரை காத்த தொழிலாளியின் மகனான எஸ். எஸ். பி. சௌராசியா, 2008இல் டில்லியில் 'இந்தியன் மாஸ்டர்ஸ்' பட்டத்தை வென்று, 2016லும் 2017லும் இந்திய ஓப்பன் வாகையும் சூடினார். குழியருகே அவர் காட்டும் திறமையைக் கண்டு, சிறு அடியையும் பட்டிங்கையும் அவர் பெயரோடு இணைத்து 'சிப்புட்சியா' என்றே நண்பர்கள் அழைக்கலாயினர். பெங்களூரில் பை சுமந்து வளர்ந்த சி. முனியப்பா 2009இல் இந்திய ஓப்பனை வென்றார்.

ஏட்டு விதிகளைக் கல்லாது தரையில் கற்றவர் நெருக்கடியில் கலங்காதது ஏன்? ஆசிரியர் அறிய வேண்டிய ஆராய்ச்சி ஒன்று இங்கே துணைக்கு வருகிறது. ரிச் மாஸ்டர்ஸ் என்னும் உளவியல் அறிஞர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பட்டிங் அறியாத சிலர்க்கு விதிகளை விரிவாகக் கற்பித்தார். வேறு சிலரை விதி எதுவும் எண்ண இடமின்றிப் பழகச் செய்தார். மனநெருக்கடி ஊட்டிச் சோதித்தபோது விதி கற்றவரே தடுமாறினர். மற்றவர் தொடர்ந்து முன்னேறினர். 2001இல் அவரும் மாக்ஸ்வெல் முதலியோரும் செய்த மற்றோர் ஆய்வில், குழிக்கு மிக அருகில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பின்வாங்கிப் பழகியோர், தொலைவிலிருந்து தொடங்கியோரைவிட நன்கு கற்றனர். பிழை குறைவாக நேரும்படி பாடத்தை அடுக்குவதன் பயன் இது. அகரம் கற்பிப்போர்க்கு இது புதிய செய்தி அன்று. கனடாவில் ஜோன் விக்கர்ஸ் 1992இல் கண்டது மற்றொன்று: திறமை மிக்கோர் உருட்டுமுன் கண்ணைப் பந்தின்மீது அசையாது நிறுத்துகின்றனர், திறமை குறைந்தோரின் கண் அங்குமிங்கும் அலைகிறது.

பட்டிங்கே ஆட்டத்தின் பாதி என்னும் பழங்கூற்றை அப்படியே ஏற்பதும் சரியன்று. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, 2014இல் வெளியிட்ட நூலில், ஆட்டக்காரர்க்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வில் பெரும்பங்கு நெடிய அடிகளுக்கே உரியதென எண்களால் காட்டினார். உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரரும் எட்டடித் தொலைவிலிருந்து இரண்டில் ஒன்றையே வீழ்த்துகின்றனர் என்பதும் அவர் கணக்கு. அப்படியாயின் எட்டடியில் தவறியதற்காகப் பட்டரை முறைக்கும் அன்பரின் சினம் பொருளற்றது. அவர் பழக வேண்டியவை இரண்டு: முப்பது நாற்பதடியிலிருந்து பந்தைக் குழியருகே கொண்டுவந்து நிறுத்தும் விசை, பின்னர் எஞ்சும் மூன்றடியைத் தவறவிடாமை. அமெச்சூர்களின் அடிக்கணக்கு வீணே ஏறுவது, மூன்று முறை உருட்ட நேரும் கிரீன்களில்தான். அதற்கான பயிற்சிக்குத் தோள்வலியும் வேண்டா, கூடைப் பந்தும் வேண்டா. ஒரு பந்து போதும். ஒவ்வொரு முறையும் இடம் மாற வேண்டும்.

உருட்டி ஆடும் கலை தமிழர்க்குப் புதியதன்று. நற்றிணையின் மூன்றாம் பாட்டில், வேப்பமர நிழலில் கட்டம் கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடும் சிறுவரை இளங்கீரனார் காட்டுகிறார். கல்லாச் சிறுவர் என்றே அவர்களைக் குறிக்கிறார். பள்ளி செல்லாதவர் எனினும் எந்த வட்டு எவ்வளவு ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். தோட்டத்து லயங்களின் முன்வாசலில் குழி தோண்டிக் கோலிக்குண்டு உருட்டிய சிறுவர் அம்மரபினர். மேடும் கல்லும் நிறைந்த அம்முற்றத்தில் ஒவ்வோர் உருட்டலும் புதியது.

கேமரன் மலையில் விடியற்பொழுதில் பயிற்சிக்கு வருவோர் காணத்தக்க காட்சி ஒன்று உண்டு. கிரீனின்மேல் பனித்துளி வெண்மையாகப் படிந்திருக்கும். உருண்ட பந்து அதன்மேல் ஒரு கருங்கோடு இழுத்துச் செல்லும். எங்கே வளைந்தது, எங்கே தளர்ந்தது, குழிக்கு எத்தனை விரல் கீழே நழுவியது என்பதெல்லாம் அக்கோட்டில் பதிந்திருக்கும். எதிர்ச் சரிவில் கொழுந்தெடுப்போர் நிரையில் இறங்கும் நேரமும் அதுவே. வெயில் ஏறியதும் கோடு மறைந்துவிடும்.