சித்திர ஆசிரியருக்குச் சான்று தருவது யார்? கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ க.பொ.த. உயர்தரத்தில் சித்திரம் எடுத்துத் தேறிய மாணவி ஒருத்தி, அதே பாடத்தைத் தமிழில் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியையாக விரும்பினால், பெரும்பாலும் கொழும்பை விட்டுப் போகவேண்டும். ஓவியத்தைத் தமிழ்மொழியில் பட்டத்துக்குப் படிப்பதற்கான இடம் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும்தான் இருக்கிறது. இத்தனைக்கும் இலங்கையில் அரசு நடத்திய தொடக்ககாலச் சித்திர வகுப்புகள் கொழும்பு மருதானையில் நடந்தவை. சித்திர வித்தியாதரிசி (பாடசாலைச் சித்திரக் கல்வியின் மேற்பார்வை அதிகாரி) என்ற பதவியும் நுண்கலைக் கல்லூரியும் கொழும்பில் பிறந்தவையே. தொடங்கிய ஊரிலேயே தமிழ்ப் பிள்ளைக்கு அந்தப் படிப்பு இல்லாமற்போனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு விடை தேடும்போது ஓவியப் பாணிகளின் வரலாறு அதிகம் உதவாது. "இவர் சித்திரம் கற்பிக்கத் தகுதியானவர்" என்று கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைப் பின்தொடர வேண்டும். அந்த அதிகாரம் இலண்டன் பரீட்சைத் தாளிலிருந்து வித்தியாதரிசிக்கும், அவரிடமிருந்து கல்லூரிக்கும், கடைசியில் பல்கலைக்கழகத்துக்கும் ஆசிரியர் சேவைப் பிரமாணத்துக்கும் கைமாறியது.

இலண்டனின் தாள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரித்தானியா சித்திரக் கல்வியைத் தொழில் வளர்ச்சிக்கான கருவியாகக் கண்டது. இலண்டனின் தென் கென்சிங்டனில் ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் வகுத்த பாடத்திட்டத்தில் 23 படிகள் இருந்தன. நேர்கோடு, வளைகோடு, வடிவகணிதம், தூரதரிசனம், அலங்கார வடிவங்களைப் பார்த்து வரைதல் என்று படிப்படியாக அது ஏறிச் செல்லும். குறித்த படிகளைத் தாண்டியவருக்குச் சித்திர ஆசிரியர் சான்று கிடைத்தது. அந்த முறையில் பழகிய வால்டர் ஸ்மித் அமெரிக்காவுக்குப் போனார். சித்திர ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்றே மசாசூசெட்ஸ் மாநிலம் 1873 இல் போஸ்டனில் தொடங்கிய கல்லூரிக்கு அவர் தலைவரானார். சித்திர ஆசிரியருக்குத் தனிப் பயிற்சி, தனிச் சான்று என்ற எண்ணம் அங்கே அப்போதே வேர்விட்டது. இன்று அந்நாட்டு அரச பாடசாலைகள் பட்டத்தையும் மாநில உரிமத்தையும் கேட்கின்றன.

இந்தியாவில் சென்னைக்கு அலெக்சாண்டர் ஹன்ரர் 1850 இல் நிறுவிய ஓவியப் பள்ளி இருந்தது. இலங்கைக்கு அப்படி ஒன்றும் வாய்க்கவில்லை. 1893 இல் மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் ஒரு மூலையில்தான் சித்திரம் இடம்பிடித்தது. பொறியியலாளருக்கும் நில அளவையாளருக்கும் நடுவே உட்கார்ந்த பாடம் எதை முதன்மையாகக் கொண்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். அளவு பிசகாத கோடுதான்.

இதற்கு எதிரான முதல் பலத்த குரல் கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றிலிருந்து வந்தது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி 1877 இல் கொழும்பில் பிறந்தவர். கனிமவள ஆய்வு அதிகாரியாக இலங்கைக்குத் திரும்பி, கண்டிப் பகுதிக் கிராமங்களில் அலைந்தபோது கைவினைஞரின் உலகத்தைக் கண்டார். 1908 இல் வெளியான அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல் கோயிற் சிற்பத்தையும் சுவரோவியத்தையும் பட்டியலிடுவதோடு நிற்கவில்லை. கைவினைஞர் வீட்டுச் சிறுவன் சித்திரம் பழகும் ஒழுங்கையும் அது பதிவு செய்தது. முதற்பாடம் இரட்டை வளைவு. அந்த வளைவு கைக்குப் பழகியபின் அதிலிருந்து கொடியும் பூவும் அன்னமும் பிறக்கும். மாணவனுக்கு எதிரில் பார்த்து வரைய ஒரு பொருளும் இருக்காது. தென் கென்சிங்டன் முறையில் கண் ஆசான், இங்கே கையும் நினைவும் ஆசான். குமாரசுவாமியின் பதிவு கலை வரலாற்று வகுப்புகளில் பேசப்படும் அளவுக்கு ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் பேசப்படுவதில்லை. அது ஒரு பயிற்றுமுறை நூலும் கூட என்பது என் கருத்து.

வித்தியாதரிசியின் காலம்

1920 இல் சார்ல்ஸ் ஃபிரீகுரோவ் வின்சர் கல்வித் திணைக்களத்தின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக நியமிக்கப்பட்டார். பாரிஸில் புதிதாக எழுந்த ஓவியப் போக்குகளை அறிந்தவர். பார்த்தெழுதும் சித்திரத்தை விட்டுப் பிள்ளையின் நினைவுக்கும் கற்பனைக்கும் இடம்கொடுக்கும்படி பாடசாலைகளைத் தூண்டினார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சீசெக் 1897 முதல் நடத்திய சிறுவர் வகுப்புகளிலும் இங்கிலாந்தில் மரியன் ரிச்சர்ட்சனின் வகுப்புகளிலும் இதே காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜோர்ஜ் கீற் போன்ற இளம் ஓவியர்களை வின்சர் ஊக்குவித்த கதை பலரும் அறிந்தது. கவிஞர் பாப்லோ நெருதா 1929 இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராக வந்து வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தபோது பழகிய வட்டமும் இதே வட்டம்தான்.  

வின்சருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் தாமே நவீன ஓவியர். 1943 ஆகஸ்டில் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்டைச் சூழ்ந்து கொழும்பில் உருவான '43 குழுவின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். அரச கல்வி அதிகாரி ஒருவர் நாட்டின் முன்னணி ஓவியர் இயக்கத்துக்குள்ளும் இருந்தார் என்பதை இன்றைய நிர்வாகச் சூழலில் நினைத்துப் பார்ப்பது கடினம்.

தமிழ்ப் பாடசாலைகளின் பக்கம் இந்தக் காற்றைக் கொண்டுவந்தவர் எஸ். ஆர். கனகசபை. சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய அவர் 1938 இல் யாழ்ப்பாணத்தில் ஓவியக் கழகம் ஒன்றைத் தொடங்கி அதற்கு வின்சரின் பெயரையே வைத்தார். உறுப்பினர்களாகச் சேர்ந்தவர்களில் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள் பலர். கழகம் கூடியது, வரைந்தது, காட்சிக்கு வைத்தது. இன்று 'சேவைக்காலப் பயிற்சி' என்ற பெயரில் வலயக் கல்வி அலுவலகங்கள் நடத்தும் கருத்தரங்குகளின் வேலையைப் படியும் கையேடும் இல்லாமல் அந்தக் கழகம் செய்தது.

வித்தியாதரிசியின் காலத்தைப் பொற்காலமாக்கிவிடும் ஆசை எழுவது இயல்பு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கொழும்பில் அதன் பலனை முதலில் பெற்றவை கட்டணம் வாங்கிய ஆங்கிலப் பாடசாலைகள். கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளரின் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பாடசாலைக்கு வண்ணப்பெட்டி எட்டியிருந்தாலே பெரிய விடயம். ஒரு நல்ல வித்தியாதரிசி ஓய்வு பெற்றால் அவரோடு அந்த முறையும் ஓய்வு பெறும் என்பது இன்னொரு குறை. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. சான்று கொடுப்பவர் வரையத் தெரிந்தவராகவும், ஆசிரியர் வரைவதையும் கற்பிப்பதையும் ஒரே வகுப்பறையில் நேரில் பார்ப்பவராகவும் இருந்தது அக்காலத்தில்தான்.

கல்லூரி, பிறகு மொழி

தொழில்நுட்பக் கல்லூரியின் சித்திரப் பகுதி நூற்றாண்டின் நடுவில் தனி நுண்கலை நிறுவனமாகப் பிரிந்தது. ஜே. டி. ஏ. பெரேரா அதன் முதன்மை ஆளுமை. 'ஹேவுட்' என்ற பெயரால் அறியப்பட்ட அந்த வளாகத்துக்கு 1950களில் யாழ்ப்பாணம் குருநகரிலிருந்து ஓர் இளைஞர் வந்து படித்தார். பின்னாளில் தமிழ் நவீன ஓவியத்தின் முக்கிய பெயரான அ. மாற்கு அவர்தான். படிப்பு முடிந்ததும் வடக்கில் சித்திர ஆசிரியரானார், 1959 இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினார், பாடசாலைக்கு வெளியிலும் தலைமுறைகளைப் பழக்கினார். 1987 இல் அவரைப் பற்றி வெளியான 'தேடலும் படைப்புலகமும்' தொகுப்பு, தமிழில் ஓர் ஓவிய ஆசிரியருக்கு அமைந்த அரிய மரியாதை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவருடைய படைப்புகள் பல அழிந்தன.

மாற்கு சென்ற அதே வழியில் அடுத்த தலைமுறை எளிதாகச் செல்ல முடியவில்லை. தாய்மொழிக் கல்வி 1940களின் நடுவிலிருந்து ஆரம்ப வகுப்புகளிலும், 1950களில் இடைநிலையிலும், 1960களில் பல்கலைக்கழகக் கலைப் பீடங்களிலும் படியேறியது. இலவசக் கல்வியோடு சேர்ந்து வந்த இந்த மாற்றம் ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது. அதில் ஐயமில்லை. ஆனால் ஒரே நகரத்தில் ஒரே நிறுவனம் மட்டும் இருக்கும் துறையில் மொழி பிரிந்தால் ஒரு பக்கம் கதவு மூடும். நுண்கலைக் கல்லூரி சிங்களமொழி நிறுவனமாக மாறியது. 1974 இல் பல்கலைக்கழக அமைப்புக்குள் அழகியற் கற்கைகள் நிறுவகமாக வந்தபோதும், 2005 இல் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோதும் அதன் பெரும்பான்மைப் பயிற்றுமொழி சிங்களமே. இதை ஒரு தனி மனிதரின் சதியாகக் காட்டுவது சுலபம். நிறுவனத்தின் இயல்பான சாய்வைத் திருத்தத் தமிழ்த் தரப்பிலிருந்து வலுவான கோரிக்கை எழவில்லை என்பதும் உண்மை.

எழாததற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சமூகத்தின் 'அழகியல்' என்றால் சங்கீதமும் பரதமும். 1931 இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சை வைத்து ஆசிரியர் தரம்வரை சான்று வழங்கியது. அந்தச் சான்று நியமனத்துக்கும் வழிகாட்டியது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாலை வேளையில் வீணை வகுப்பும் நடன வகுப்பும் இன்றும் நிறைந்திருப்பதற்கு அந்த ஏணி ஒரு முக்கிய காரணம். 1960 இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் இசைக் கழகம் 1970களில் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தபோது பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவையும் இசையும் நடனமும்தான். சித்திரமும் வடிவமைப்பும் அங்கே பட்டப்படிப்பாக வருவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. மட்டக்களப்பில் விபுலாநந்தரின் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இசை, நடனக் கல்லூரியாகவே 1980களில் தொடங்கியது. கட்புலக் கலை அங்கும் பின்னால் வந்தது. சித்திரத்துக்கு அந்த அளவு வேரூன்றிய தரப்படி இல்லாததால் பெற்றோரும் அதைப் பொழுதுபோக்காகப் பார்த்தார்கள். பம்பலப்பிட்டி மெல்பேர்ன் அவெனியூவில் கோரா ஏபிரகாம் நடத்திய சிறுவர் ஓவிய வகுப்புகள் நவீன முறையில் தேர்ந்தவை. ஆனால் அவை சான்றுக்கான வழி அல்ல.

இதற்கிடையில் தேவை மட்டும் பெருகியது. 1972 கல்விச் சீர்திருத்தம் அழகியலை எல்லா மாணவருக்கும் உரிய பாடமாக்கியது. பெயர்களும் பரீட்சைகளும் மாறினாலும் ஆறாம் தரத்திலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அழகியற் பாடத்தைத் தெரிவு செய்யும் ஒழுங்கு நிலைத்துவிட்டது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரிக்கும் வெள்ளவத்தைச் சைவ மங்கையர் வித்தியாலயத்துக்கும் கொட்டாஞ்சேனைப் பாடசாலைகளுக்கும் தமிழ்மொழிச் சித்திர ஆசிரியர் ஒவ்வொரு ஆண்டும் வேண்டும்.

பட்டமும் பட்டத்துக்குப் பின்னும்

1980களின் நடுவில் இரண்டு புது அமைப்புகள் வந்தன. 1985 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் மகரகமையில் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. தேசிய கல்வியியற் கல்லூரிகள் மூன்றாண்டுக் கற்பித்தல் டிப்ளோமாவைத் தொடங்கின. ஈராண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, ஓராண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. சித்திரம் கற்பிக்க இது நேரான, செலவு குறைந்த வழி. பட்டம் பெற்றவர் நியமனத்தின் பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமா முடித்தால்தான் முழுத் தகுதியுள்ள ஆசிரியராகக் கணிக்கப்படுகிறார். 1994 இல் உருவாகி 2014 இல் திருத்தப்பட்ட இலங்கை ஆசிரியர் சேவைப் பிரமாணம் பதவி உயர்வையும் சம்பளப் படியையும் இத்தகைமைகளோடு கட்டியிருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடமும் நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகமும் மகரகம நிறுவகமும் இதைத் தமிழில் நடத்துகின்றன.

ஆக, கொழும்பு தமிழ்ச் சித்திர ஆசிரியருக்கு ஓவியம் தரவில்லை, கற்பித்தலை மட்டும் தருகிறது. பட்டப்பின் டிப்ளோமாவின் முதுகெலும்பு கல்வி உளவியல், தத்துவம், சமூகவியல், அளவீடும் மதிப்பீடும், பாடசாலை முகாமைத்துவம். பாடத்தைத் தொடும் இடம் கற்பித்தல் முறையும் கற்பித்தற் பயிற்சியும். கணிதமோ வரலாறோ கற்பிப்பவருக்கு இந்தப் பொதுச் சட்டகம் ஓரளவு போதும். சித்திர வகுப்பின் சிக்கல்கள் வேறு. நாற்பது பிள்ளைகள், இரண்டு குழாய், வண்ணம் காய்வதற்குள் மணி அடிக்கும் பாடவேளை. ஒன்பது வயதில் தயங்காமல் வரைந்த பிள்ளை பதின்மூன்று வயதில் "எனக்கு வராது சேர்" என்று தாளைக் கவிழ்க்கும். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947 இல் வெளியிட்ட நூலில் இந்தப் பருவமாற்றத்தைப் படிநிலைகளாக வகுத்தார். டிப்ளோமா மாணவருக்கு உளவியலாளர் பியாஜேயின் படிநிலைகள் மனப்பாடம், லோவன்ஃபெல்ட் பெயரளவில் தெரிந்தால் உண்டு.

பாடநூலும் ஒரு தனிச் சோதனை வைக்கிறது. இரசனைப் பகுதியின் பெரும்பங்கு சிகிரியா, பொலன்னறுவை, கண்டிக்கால விகாரைச் சுவரோவியம். இவை எல்லோருக்கும் உரிய செல்வம். தமிழாசிரியர் அவற்றைக் கற்பிப்பதில் தவறில்லை. ஆனால் கொட்டாஞ்சேனை மாணவர் நாளும் கடந்து போகும் கோயிற் சுதைச் சிற்பத்தையும் தேர்ச் சிற்பத்தையும் சாந்த லூசியா பேராலயத்து உள்ளலங்காரத்தையும் பாடப்பொருளாக்கும் பயிற்சியை ஆசிரியருக்கு யார் கொடுப்பது? அவர் படித்த பட்டப்பிரிவு யாழ்ப்பாணத்து அல்லது மட்டக்களப்புச் சூழலைச் சார்ந்தது. டிப்ளோமா எந்தச் சூழலையும் சாராதது.

தமிழ்நாட்டோடு ஒப்பிடுவது பயன்தரும். அங்கே ஓவிய ஆசிரியர் பதவிக்கு அரசுத் தொழில்நுட்பத் தேர்வின் மேல்நிலைச் சான்றும் தொழிலாசிரியர் பயிற்சிச் சான்றும் நீண்ட காலமாகத் தகுதியாக இருந்து வந்தன. தென் கென்சிங்டன் வாசனை அதில் இன்னும் போகவில்லை. இலங்கை அந்தப் பரீட்சை மரபை உதறிப் பட்டத்துக்குத் தாவியது. பட்டத்தின் தரம் உயர்ந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தாவும்போது கையின் தேர்ச்சியைச் சோதிப்பதும் வகுப்பறைத் தேர்ச்சியைச் சோதிப்பதும் இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்துவிட்டன என்பதே சிக்கல்.

தேர்ஸ்ரன் வீதிப் பக்கம் கொழும்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியின் பெயர் தாங்கிய வீதிக்கு அருகே, அல்பேர்ட் பிறையில், கட்புலக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. இடைத்தூரம் நடந்து போகக்கூடியது. முன்னதில் தமிழ்மொழிக் கல்வி டிப்ளோமா உண்டு, பின்னதில் ஓவியக்கூடங்கள் உண்டு. சித்திரம் கற்பிப்போரின் கற்பித்தல் முறை வகுப்பை மட்டும் இரண்டும் சேர்ந்து ஓவியக்கூடத்தில் தமிழில் நடத்துவதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதியும், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தவணைக்கு ஒருமுறை வரக்கூடிய விரிவுரையாளர் இருவரும், வார இறுதியில் திறந்து வைக்க ஒரு கூடமும் போதும்.