பட்டிப்பளை ஆற்றங்கரையிற் பொறியியற் கல்வி

கல்முனைக்கு அணித்தாயுள்ள நற்பிட்டிமுனையிலே நின்று மேற்கு நோக்குவார்க்குப் புலப்படுவது வயல். தெற்கே காரைதீவு, சம்மாந்துறை, நிந்தவூர் என்று செல்லச் செல்லவும் அவ்வயற்பரப்புத் தொடர்கின்றது. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையோரத்திற் செல்வமென்பது நெல், நெல்லென்பது நீர். அந்நீரைப் பங்கிடும் பொறுப்பு முன்னாளில் வட்டவிதானையிடம் இருந்தது. எவ்வாய்க்காலை எப்பொழுது திறப்பது, எவர் வயலுக்கு முதலிற் பாய்ச்சுவது என்பன அவர் வாய்ச்சொல்லால் முடிந்தன. அதுவும் ஒருவகைப் பொறியியலே. ஏட்டில் எழுதப்படாத பொறியியல்.

ஏட்டுப் பொறியியலைக் கற்க விரும்பியவன் ஊரைவிட்டு நெடுந்தூரம் செல்லவேண்டியிருந்தது. 1893 இற் கொழும்பு மருதானையில் ஆரம்பிக்கப்பெற்ற தொழினுட்பப் பாடசாலையே, பின்னர்க் கல்லூரியாக வளர்ந்து, இலங்கையில் இக்கல்விக்கு நெடுங்காலம் தலைவாயிலாக விளங்கிற்று. மட்டக்களப்புக்குப் புகைவண்டி வந்ததோ 1920களின் இறுதியில். அதற்கு முன்னரே இக்கரையோரத்திலிருந்து ஓர் இளைஞர் அத்தலைவாயிலை அடைந்தார். காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் பயின்ற மயில்வாகனன் என்பவர் அவர். 1916 இற் கொழும்புத் தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டத்தையும் பெற்றார். பிற்காலத்தில் உலகம் அவரை விபுலாநந்த அடிகள் என்று அறிந்தது.

அடிகளைத் தமிழறிஞராகவும் துறவியாகவும் போற்றுவோர், அவர் இரசாயனம் கற்பித்த ஆசிரியர் என்பதைச் சற்று மறந்துவிடுகின்றனர். மறத்தற்குரிய செய்தியன்று அது. 1936 இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக 1938 இற் கலைச்சொற்கள் என்னும் தொகுதி வெளிவந்தது. 1947 இல் வெளியான யாழ்நூலிலே பண்டை இசையின் சுருதிகளைக் கணித முறையால் ஆராய்ந்தவரும் அவரே. பழைய தமிழையும் புதிய விஞ்ஞானத்தையும் ஒரே தராசில் நிறுக்க வல்லவரை உருவாக்கியதில், மருதானைக் கல்லூரியின் ஆய்வுகூடத்துக்கும் ஒரு பங்குண்டு என்று கூறுதல் மிகையாகாது.

அடிகள் மறைந்து இரண்டாண்டு கழிந்தபின், 1949 இல், கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிவந்த ஆறே கல்லோயா. இங்கினியாகலையில் மொரிசன் நூட்சன் என்னும் அமெரிக்க நிறுவனம் 1949 முதல் 1951 வரை அணையைக் கட்டிற்று. ஏறத்தாழ 7,70,000 ஏக்கரடி நீர் கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. வட்டவிதானையின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு நீர் அடங்குமா?

அணை கட்டுதல் ஒருமுறை நிகழும் வேலை. நீரை வயல் வரையிற் கொண்டுசெல்லுதலோ நாள்தோறும் நிகழும் வேலை. தலைவாய்க்காலிலிருந்து கிளைவாய்க்காலுக்கும், அங்கிருந்து வயல் வாய்க்காலுக்கும் நீர் தன் பாரத்தாலேயே இறங்குதல் வேண்டும். சாய்வு கூடினால் மண்ணரிக்கும். குறைந்தால் வண்டல் படியும். ஆகவே மட்டம் பார்க்கவும், மதகு அமைக்கவும், இயந்திரம் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்றோர் பலர் தேவைப்பட்டனர். இவர்கள் பட்டம் பெற்ற பொறியியலாளருமல்லர், கொத்தனாருமல்லர். இரு சாராருக்கும் இடையில் நின்று, வரைபடத்தை மண்ணிலே இறக்குவோர். இத்தகையோரைப் பயிற்றுவதற்காக 1950களின் நடுப்பகுதியில் அம்பாறையில் எழுந்ததே ஹார்டி தொழினுட்ப நிலையம். பேராதனையையும் மொறட்டுவையையும் போலப் பெயர்பெற்றதன்று, சிறிய நிலையம். எனினும் கல்முனைக் கரையிலுள்ள ஓர் இளைஞனுக்கு, காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பிச் சம்மாந்துறை வழியாகச் சென்றால் எட்டக்கூடிய தூரத்திலே தொழினுட்பக் கல்வி வந்துவிட்டது.

வந்தது உண்மை, ஆயினும் தூரம் மைலால் மட்டும் அளக்கப்படுவதன்று. 1956 யூனில், சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டத்தையொட்டிக் கல்லோயாப் பள்ளத்தாக்கிலே வன்செயல்கள் மூண்டன. தமிழர் பலர் உயிரிழந்தனர். கரையோர மக்களின் மனத்திலே அம்பாறைப் பாதை அன்று நீண்டுவிட்டது. 1961 இல் மட்டக்களப்பின் தென்பாகம் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டபோது தலைநகரானதும் அம்பாறையே. நீரும் கல்லூரியும் கச்சேரியும் ஒரே திசையில், மேட்டுப் பக்கத்தில் அமைந்தன. நீரின் கடைமுனையிலிருந்த வயல்கள் கரைப்பக்கத்தில் இருந்தன. இவ்வமைப்பு இக்கரையார் உள்ளத்தில் உண்டாக்கிய மனக்குறையை அறியாமல் இப்பகுதிக் கல்வி வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

நாட்டின் ஏனைய இடங்களிலும் தொழினுட்பக் கல்வி விரிந்தது. 1950 இல் இலங்கைப் பல்கலைக் கழகத்திற் பொறியியற் பீடம் தோன்றிற்று. 1960 இற் கட்டுபெத்தையிற் செய்முறைத் தொழினுட்ப நிலையம் தொடங்கி, பின்னர் மொறட்டுவைப் பல்கலைக் கழகமாயிற்று. ஹார்டி நிலையமோ 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த உயர் தொழினுட்பக் கல்வி நிறுவகத்தின் கீழ் வந்து, பொறியியலில் உயர் தேசிய டிப்ளோமா வழங்கும் நிலையமாயிற்று.

அதே 1995 இற் கரையோரத்திலே மற்றொரு வாயில் திறந்தது. உள்நாட்டுப் போரினாற் கிழக்குப் பல்கலைக் கழகத்திற் படிப்பைத் தொடர இயலாதிருந்த மாணவரின் பொருட்டுத் தென்கிழக்குப் பல்கலைக் கழகக் கல்லூரி அமைந்தது. மறு ஆண்டிலே முழுப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரப் இதற்காக உழைத்தார். 2012 இல் ஒலுவில் வளாகத்திற்குப் பொறியியற் பீடமும் கிடைத்தது. இடர்ப்பாட்டிலே பிறந்த ஒரு சிறு கல்லூரி, இருபதாண்டுக்குள் பொறியியலாளரைப் பயிற்றும் நிலையை அடைந்தமை வியப்புக்குரியது. மயில்வாகனன் கொழும்பு சென்று தேடியதை, நற்பிட்டிமுனை மாணவன் காலையிற் பேருந்தேறி ஒலுவிலிலே பெறலாம்.

பாடசாலைகளிலும் மாற்றம் வந்தது. 2013 இல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பத் துறை புகுத்தப்பட்டு, பொறியியற் றொழினுட்பம் ஒரு பாடமாயிற்று. அதனை மாணவர் தமிழிலேயே பயில்கின்றனர். 1938 ஆம் ஆண்டுத் தொகுதியும், 1950கள் தொட்டு அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளும் இட்ட அடித்தளம் அங்கே பயன்படுகின்றது. விசை, வலு, உந்தம், தகைப்பு, விகாரம் என்னும் சொற்கள் இன்று பதினேழு வயதுப் பிள்ளைகளின் நாவிற் சரளமாகப் புழங்குகின்றன. பீடத்திற் புகுந்ததும் பாடமொழி ஆங்கிலமாகின்றது. தகைப்பு அங்கே ஸ்ட்ரெஸ், விகாரம் ஸ்ட்ரெய்ன். கருத்து முன்பே தெரிந்திருத்தலால் பெயரை மாத்திரம் மாற்றிக்கொள்கின்றனர் கெட்டிக்காரர்; மற்றையோர்க்கு முதலாண்டின் பெரும்பகுதி அம்மாற்றத்திலேயே கழிகின்றது.