சட்டம் யாருடைய சொத்து?

1882ஆம் ஆண்டு. சேலத்திலே கலவரம். கோயிலார் ஒருபுறம், பள்ளிவாசலார் மறுபுறம். இருவர் கடவுளும் வாளாவிருக்க, பக்தர்கள் மண்டையை உடைத்துக் கொண்டனர். பள்ளிவாசல் ஒன்று இடிக்கப்பட்டது. கலவரத்தைத் தூண்டியவர் என்று வெள்ளையர் ஆட்சி குற்றஞ்சாட்டிக் கூண்டில் ஏற்றியவர்களுள் ஒருவர், நகராட்சி உறுப்பினராயிருந்த சி. விசயராகவாச்சாரியார்.

அவர் சட்டம் கற்ற விதம் கவனிக்கத்தக்கது. சட்ட வகுப்பிலே அமர்ந்து பாடங் கேட்டவரல்லர். கல்லூரி ஆசிரியராக இருந்தவர், நூல்களைத் தாமே பயின்று, தேர்வு எழுதி, 1881இல்தான் வக்கீலானார். மறு ஆண்டே அந்தப் படிப்பு அவர் தலையைக் காக்கவேண்டி வந்தது. வழக்காடினார், விடுதலை பெற்றார். அத்தோடு வீட்டுக்குப் போய் உறங்கவில்லை. நகராட்சிப் பதவியினின்றும் தம்மை நீக்கியது முறையல்ல என்று, இலண்டனிலே வீற்றிருந்த இந்தியா மந்திரியின் பேரிலேயே வழக்குத் தொடுத்தார். பதவியும் மீண்டது, நட்ட ஈடாக 100 ரூபாயும் கிடைத்தது. நூறு ரூபாய் பெரிதல்ல; சூரியன் மறையாத சாம்ராச்சியம் என்று மார்தட்டியவர்களை, சேலத்து மனிதர் ஒருவர் அவர்களுடைய புத்தகத்தை வைத்தே தலைகுனிய வைத்தாரே, அது பெரிது.

அவர் பார்ப்பனர், பிற்காலத்தில் நாகபுரிக் காங்கிரசுக்கும் இந்து மகாசபைக்கும் தலைமை வகித்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. அவருக்கு மாலை சூட்ட இக்கட்டுரை எழுதப்படவில்லை. நமது கேள்வி வேறு. சட்டப் புத்தகம் அவர் கைக்கு எட்டியது. அவர் கண்ணுக்கு ஆங்கிலம் புரிந்தது. அதே ஆண்டில், அதே ஊரில், அம்மாப்பேட்டைத் தறியிலே குனிந்திருந்த நெசவாளியின் கைக்கு என்ன எட்டியது?

எட்டாதிருந்ததற்குக் காரணம் அவனுடைய சோம்பலா? மனுவின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். வழக்கிலே அறம் உரைக்கும் தகுதி, பிறப்பால் மட்டுமே பார்ப்பனனாயிருப்பவனுக்குக்கூட உண்டாம். சூத்திரனுக்கு எந்நாளும் இல்லையாம்! வேதத்தைச் செவிமடுத்த சூத்திரன் காதிலே உருக்கிய உலோகத்தை ஊற்றச் சொன்னது கௌதம தருமசூத்திரம். விதியை அறிந்தவன் விதிக்கு அடங்கமாட்டான், வினா எழுப்புவான் என்பதை அதை வகுத்தவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். வெள்ளையன் வந்தான், வடமொழி போய் ஆங்கிலம் அமர்ந்தது. பூட்டு மாறிற்றே தவிர, பூட்டு இருந்தது.

பூட்டைத் திறக்க முயன்றோர் இல்லாமலில்லை. மாயூரத்து முன்சீப் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரை ஆங்கிலத்தில் கிடந்த தீர்ப்புகளைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் நூலாகத் தந்தார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர் என்று அவரைப் புகழ்வோர் இந்தத் தொண்டை ஏனோ மறந்துவிடுகின்றனர். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் பிறந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. நூலகம் புரவலர் தருமம் என்ற நிலை போய், வரி கட்டுவோர் உரிமை என்ற நிலை வந்தது. சேலம் மாவட்ட மைய நூலகத்திலே நாமக்கல் லாரித் தொழிலாளி ஒருவர் சென்று மோட்டார் வாகனச் சட்டத்தைக் கேட்டால், அவர் பிச்சை கேட்கவில்லை. தம் பொருளைக் கேட்கிறார்.

புத்தகம் கிடைத்தால் போதுமா? படிக்கும் முறை வேண்டும். மேலே கூறிய சேலத்து வழக்கையே எடுத்துக்கொள்வோம். சட்ட நூல்களில் அது ‘ஐ.எல்.ஆர். 7 மெட்ராஸ் 466’ என்று குறிக்கப்படும். மந்திரம் போலத் தோன்றும், மந்திரம் ஒன்றுமில்லை. இந்தியத் தீர்ப்புத் திரட்டு, சென்னை வரிசை, ஏழாம் தொகுதி, 466ஆம் பக்கம், அவ்வளவே. முதலில் சட்டத்தின் வாசகத்தைப் படிக்கவேண்டும். பிறகு அந்தப் பிரிவை நீதிபதிகள் எவ்வாறு பொருள் கொண்டனர் என்று தீர்ப்புத் திரட்டிலே தேடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையிலுள்ள நூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்க்கவேண்டும். இதிலேதான் பலர் இடறுகின்றனர்.

இராசிபுரத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று கொள்வோம். தந்தை இறந்தார். “கட்டிக்கொடுத்தாயிற்று, பூர்வீக நிலத்தில் உனக்கென்ன பங்கு?” என்கின்றனர் அண்ணன்மார். அவள் நூலகத்துக்குச் சென்று, அலமாரியில் உள்ள பழைய இந்து வாரிசுரிமைச் சட்ட நூலை விரிக்கிறாள். 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்திலே பிறப்பால் வரும் பங்கை ஆண்மக்களுக்கே விட்டுவைத்தது. அண்ணன்மார் சொன்னது சரியென்று எண்ணித் திரும்பிவிடுவாள். அடுத்த பதிப்பை எடுத்திருந்தாளானால் வேறு செய்தி! கலைஞர் ஆட்சியில் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாதிருந்த மகளுக்குப் பிறப்பால் பங்குண்டு என்றது. 2005 செப்டம்பர் 9 முதல் செயலுக்கு வந்த மத்தியத் திருத்தம், மணமானவள் மணமாகாதவள் என்ற வேற்றுமையையும் நீக்கிற்று. தந்தை அந்த நாளில் உயிரோடு இருந்திருக்கவேண்டுமா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டு 11இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து, தேவையில்லை என்றது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துபோன பாகப்பிரிவினையை மட்டும் கிளற முடியாது. ஒரு பதிப்பு வேறுபாடு. அவளுக்கோ அது ஏக்கர்க் கணக்கு! 1929இல் செங்கற்பட்டு மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று சுயமரியாதைத் தோழர்கள் தீர்மானம் நிறைவேற்றியபோது நகைத்தவர்கள் இருந்தனர். நமது விசயராகவாச்சாரியாரும் மகளுக்குப் பங்கு வேண்டுமென்றவர்தாம் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

திருமணமும் அப்படியே. புரோகிதரின்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிற்று. எத்தனை இல்லறங்களின் தலையில் விழுந்த இடி! அறிஞர் அண்ணா முதலமைச்சரானதும், 1967இல் இந்துத் திருமணச் சட்டத்திலே 7-ஏ பிரிவைச் சேர்க்கச் செய்தார். முன்பு நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. அந்தப் பிரிவைப் படித்த இளைஞன் எந்த அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து நிற்பான்.

கடல் கடந்தும் சான்று உண்டு. அமெரிக்காவின் புளோரிடாச் சிறையிலே கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, சிறை நூலகத்துச் சட்ட நூல்களைப் படித்து, பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினான். பெருங்குற்ற வழக்கிலே வக்கீல் அமர்த்த வழியற்றவனுக்கு அரசே வக்கீல் தரவேண்டும் என்று 1963இல் தீர்ப்பு வந்தது.

இன்று சட்ட நூல்களுக்கு வேறொரு சோதனை வந்திருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 சூலை 1 முதல் ‘பாரதிய நியாய சன்ஹிதா’ வந்துவிட்டது. பெயரை உச்சரிக்கவே நமக்கு ஒரு சாஸ்திரி தேவை! பழைய 302ஆம் பிரிவு இன்று 103. அலமாரியிலுள்ள பழைய நூல்கள், அந்த நாளுக்கு முன் நடந்த குற்றங்களுக்கே பயன்படும். கணிப்பொறியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 முதல் இலவசமாகக் கிடைக்கின்றன, சில தமிழிலும் உள்ளன. ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் இன்னும் கனியவில்லை.

நூலகத்திலே படித்தவர் தம் வழக்கைத் தாமே நடத்த உரிமையுடையவர். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் மூன்றாம் ஆணை, வழக்காடுவோர் நேரில் தோன்றலாம் என்கிறது. அதற்குத் துணிவில்லாதார்க்கும் வழி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் தொழிலாளர்க்கும் வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தருகிறது. இராசிபுரத்துப் பெண் அந்தப் பிரிவையும் குறித்துக்கொண்டு, நாமக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம் எழுதலாம். அதைத் தமிழிலேயே எழுதலாம்.