இந்தியாவில் மாதிரிக் கணக்கெடுப்பு

மாதிரிக் கணக்கெடுப்பு என்பது பெரிய தொகுதி ஒன்றின் எல்லா அலகுகளையும் எண்ணாமல், சிலவற்றை மட்டும் தேர்ந்து ஆராய்ந்து முழுமைக்குமான மதிப்பீட்டைப் பெறும் புள்ளியியல் முறை. பாடநூல்கள் இதைக் கூறெடுப்பு என்றும் வழங்கும். ஒவ்வோர் அலகும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருந்தால், மதிப்பீடு எவ்வளவு பிழைபடக்கூடும் என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். இம்முறை ஐரோப்பாவில் தோன்றியது. ஆனால் கோடிக்கணக்கான மக்களுக்கும் வயல்களுக்கும் உரிய அளவில் அதைக் களத்தில் நடத்திக் காட்டியதில் இந்தியாவின் பங்கு மிகப் பெரியது.

முன்வரலாறு

நார்வே நாட்டின் புள்ளியியல் அலுவலகத் தலைவர் ஆண்டர்ஸ் கியேர், 1895இல் பெர்ன் நகரில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டில், முழுக் கணக்கெடுப்புக்குப் பதிலாகப் பகுதிக் கணக்கெடுப்பே பல வேளைகளில் போதும் என்று வாதிட்டார். பலர் அதை எதிர்த்தனர். இங்கிலாந்தில் ஆர்தர் பௌலி 1912இல் ரெடிங் நகரத் தொழிலாளர் குடும்பங்களை மாதிரி முறையில் ஆராய்ந்தார். ஆய்வாளர் தம் அறிவைக் கொண்டு பொருத்தமானவற்றைப் பொறுக்கலாமா, சமவாய்ப்புக்கே விட்டுவிட வேண்டுமா என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது. எர்சி நெய்மன் 1934இல் எழுதிய கட்டுரை சமவாய்ப்பின் பக்கம் தீர்ப்பளித்தது.

பயிர் அறுவடைப் பரிசோதனை

இந்தியாவில் இம்முறைக்கான தேவை வயலிலிருந்து பிறந்தது. உழவரிடமே அரசு நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறை நிலவிய சென்னை மாகாணத்தில், ஊர்க் கணக்கர் பயிரைக் கண்ணால் பார்த்து, முழு விளைச்சலைப் பதினாறு அணாவாகக் கொண்டு, இவ்வாண்டு எத்தனை அணா தேறும் என்று எழுதுவார். அணாவாரி எனப்பட்ட இம்மதிப்பீடு எழுதுபவரின் கண்ணையும் மனத்தையும் பொறுத்தது. ஜமீன்தார்கள் வழியே வரி வாங்கும் நிரந்தர நிலவரித் திட்டத்தின் கீழிருந்த வங்காளத்திலோ அத்தகைய கிராம வருவாய்ப் பணியாளர் அமைப்பும் இல்லை.

பீகார்-ஒரிசா மாகாணத்தில் பணியாற்றிய ஜான் ஹப்பக் என்ற அதிகாரி 1920களில் புதுவழி கண்டார். சமவாய்ப்பாகத் தேர்ந்த இடங்களில் சிறு பரப்பளவில் நெல்லை அறுத்து எடைபோட்டு, அதிலிருந்து விளைச்சலைக் கணித்தார். 1927இல் வெளியான அவரது அறிக்கை ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்த ரொனால்ட் ஃபிஷரின் கவனத்தையும் ஈர்த்தது.

வங்காளச் சணல் வயல்கள்

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1933இல் அதன் ஆய்விதழான ‘சாங்க்யா’ வெளிவந்தது. வங்காளத்தின் முக்கிய ஏற்றுமதிப் பயிரான சணலின் பரப்பை மதிப்பிடும் ஆய்வை 1937இல் அவர் சிறிய அளவில் தொடங்கினார். ஆண்டுதோறும் விரிந்த அது 1941இல் மாகாணம் முழுவதையும் தழுவியது.

நில வரைபடத்தில் சமவாய்ப்பாகச் சதுரங்களைக் குறித்து, பணியாளர்களை அங்கே அனுப்பி, எந்த வயலில் சணல் நிற்கிறது என்று பதிவு செய்வதே முறை. சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எத்தனை சதுரங்கள் வேண்டும் என்பதை மகலனோபிஸ் ஊகத்துக்கு விடவில்லை. சதுரத்தின் அளவு மாறும்போது மதிப்பீட்டின் சிதறல் எப்படி மாறுகிறது, பயணத்துக்கும் பதிவுக்கும் ஆகும் செலவு எப்படி மாறுகிறது என்பவற்றை முன்னோட்ட ஆய்வுகளில் அளந்தார். இருக்கும் பணத்தில் மிகக் குறைந்த பிழையைத் தரும் திட்டத்தை அவ்விரண்டையும் கொண்டு வகுத்தார். 1944இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் இதுகுறித்த நீண்ட கட்டுரை வெளியானது. மறு ஆண்டு அவர் அச்சபையின் உறுப்பினரானார்.

அவரது மற்றொரு பெரும் பங்களிப்பு, ஊடுருவிய துணை மாதிரிகள் என்னும் ஏற்பாடு. ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டோ அதற்கு மேலோ மாதிரிகள் எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் ஒப்படைப்பார்கள். முடிவுகள் மிகவும் வேறுபட்டால், தற்செயல் மட்டும் காரணமாக இராது. எங்கோ மனிதத் தவறு நுழைந்திருக்கிறது என்று அறியலாம். பணியாளர் வயலுக்கே போகாமல் படிவத்தை நிரப்பினாலும் இது காட்டிக்கொடுக்க உதவும்.

இதே காலத்தில் வேளாண் ஆராய்ச்சி அவையில் பணியாற்றிய பி. வி. சுகாத்மே, பயிர் அறுக்கும் பரப்பு மிகச் சிறிதாக இருந்தால் விளைச்சல் மிகையாகத் தெரியும் என்று காட்டினார். எல்லையோரச் செடிகளைப் பணியாளர்கள் உள்ளே சேர்த்துவிடுவதே காரணம். சிறு பரப்பா, பெரும் பரப்பா என்று இரு தரப்புக்கும் இடையே நடந்த விவாதம், அளக்கும் விதத்தில் எழும் பிழைமீது அனைவரின் கவனத்தையும் திருப்பியது.

தேசிய மாதிரி ஆய்வு

விடுதலைக்குப் பின் 1949இல் அமைந்த தேசிய வருமானக் குழுவுக்கு மகலனோபிஸ் தலைவரானார். தரவுகளில் இருந்த இடைவெளியை நிரப்ப 1950இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. அக்டோபர் 1950 முதல் மார்ச் 1951 வரை நடந்த முதல் சுற்று நாட்டின் ஊர்ப்புறங்களை ஆராய்ந்தது. நுகர்வுச் செலவு, வேலைவாய்ப்பு, நிலவுடைமை, கடன் ஆகியவை பின்வந்த சுற்றுகளில் இடம்பெற்றன. நாட்டின் வறுமைக் கணக்குகள் பலவும் இந்நுகர்வுத் தரவின் மேல் நிற்பவை. இவ்வாய்வை நடத்தும் அமைப்பு 1970இல் தேசிய மாதிரி ஆய்வு அமைப்பாகவும், 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் பகுதியாகவும் மாறியது.

களத்தின் தேவை கோட்பாட்டையும் வளர்த்தது. பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பும் சிறிய ஊருக்குக் குறைந்த வாய்ப்பும் தந்து தேர்வது சிக்கனமானது. ஆனால் அதற்கு எல்லா ஊர்களின் அளவையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. டி. பி. லாகிரி 1951இல் அவ்வேலையை நீக்கினார். ஓர் ஊரையும், மிகப் பெரிய ஊரின் அளவுக்கு மிகாத ஓர் எண்ணையும் சமவாய்ப்பாக எடு. எண் அவ்வூரின் அளவுக்குள் இருந்தால் ஊரை ஏற்றுக்கொள், இல்லையேல் மீண்டும் எடு என்பதே அவர் முறை. எல்லாத் தொகுதிகளுக்கும் மிகச் சிறந்ததான ஒரே நேரியல் மதிப்பீட்டுச் சூத்திரம் கிடையாது என்று வி. பி. கோடம்பே 1955இல் நிறுவினார்.

நோயும் இறப்பும்

பிறப்பு இறப்புப் பதிவு முழுமையாக இல்லாத நிலையில், மாதிரிப் பதிவு முறை 1960களில் உருவானது. தேர்ந்த ஊர்களிலும் நகரப் பகுதிகளிலும் நேரும் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் அது தொடர்ந்து பதிவு செய்கிறது. குழந்தை இறப்பு விகிதம் போன்ற எண்கள் இதிலிருந்தே கிடைக்கின்றன.

இம்மாதிரிப் பகுதிகளில் நேர்ந்த இறப்புகளின் காரணத்தை உறவினரிடம் விசாரித்து அறிந்த ஆய்வு ஒன்று 2010இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இந்தியாவில் 70 வயதுக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 2,05,000 பேர் மலேரியாவால் இறப்பதாக அது மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் கொண்டிருந்த மதிப்பீடோ சுமார் 15,000. மருத்துவமனையை எட்டாமலே வீட்டில் மடிந்தவர்கள் பழைய கணக்கில் விடுபட்டனர் என்றனர் ஆய்வாளர்கள். உறவினர் சொல்லும் அறிகுறிகளைக் கொண்டு மலேரியாவைப் பிற காய்ச்சல்களிலிருந்து பிரித்தறிய முடியாது என்று அந்நிறுவனம் மறுத்தது.

கோவிட் பெருந்தொற்றின்போது, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2020 மே-ஜூனில் தேசிய ஊனீர் ஆய்வை ஒருங்கிணைத்தது. 21 மாநிலங்களின் 70 மாவட்டங்களில் 28,000 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. வயது வந்தோரில் 0.73 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது என்ற மதிப்பீடு, பரிசோதனையில் பிடிபட்ட நோயாளிகளைவிடப் பன்மடங்கு பேர் பிடிபடாமல் இருந்ததைக் காட்டியது.

சர்ச்சைகளும் மதிப்பீடும்

1999-2000 நுகர்வு ஆய்வில் உணவுச் செலவை முப்பது நாளுக்கும் ஏழு நாளுக்குமாக ஒரே குடும்பத்திடம் கேட்டதால், முந்தைய சுற்றுகளோடு வறுமை விகிதத்தை ஒப்பிடலாமா என்று பொருளியலாளர் நீண்டகாலம் வாதிட்டனர். 2017-18 நுகர்வு ஆய்வின் முடிவுகளைத் தரவின் தரத்தைக் காரணம் காட்டி அரசு வெளியிடவில்லை. அடுத்த ஆய்வு 2022-23இல் நடந்தது.

மாதிரி சிறியதாக இருப்பதால் வரும் பிழையைக் கணிதம் அளந்து சொல்லிவிடும். கேள்வி கேட்பதிலும், நினைவுகூர்வதிலும், பதிவு செய்வதிலும் நுழையும் பிழையைக் களத்தில்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பிழையையும் திட்டத்துக்குள்ளேயே வைத்துச் சோதித்ததுதான் இந்திய மரபின் தனிச்சிறப்பு. மகலனோபிஸ் பிறந்த நாளான ஜூன் 29, 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.